பிறப்புப் பத்திரத்தோடு வாருங்கள்

கோலாலம்பூரில் இலவசச் சட்ட உதவி செய்ய வரும் இளம் வழக்கறிஞர்களின் குறிப்புகளைப் படித்துத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. கைதானவரைப் போலீஸ் காவலில் மேலும் வைக்கலாமா என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்யும் ரிமாண்ட் விசாரணை முடிந்ததும் ஒரு பக்கம் எழுதித் தருவார்கள். சட்டப் பிரிவெல்லாம் சரியாக இருக்கும். "பிடிபட்ட பையன் ராத்திரி எங்கே படுத்தான்?" என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஒரு ஜூனியரின் குறிப்பில் 'வயது 18' என்று இருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். போலீஸ் தாளைப் பார்த்து எழுதினாராம். பையனிடம் ஐசி (அடையாள அட்டை) இல்லை. அவனேதான் பதினெட்டு என்று சொல்லியிருக்கிறான். சின்ன வயது என்றால் வீட்டுக்குத் தகவல் போகும், அப்பா அடிப்பார் என்ற பயம். மதியம் செந்தூலிலிருந்து அம்மா வந்தார். பிளாஸ்டிக் பையில் நான்காக மடித்த பிறப்புப் பத்திரம். பதினாறு வயது, நான்கு மாதம். அதற்குள் ஓர் இரவைப் பெரியவர்களோடு ஒரே லோக்காப்பில் கழித்துவிட்டான்.

2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் சிறார்தான். போலீஸ் நிலையத்திலும், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வழியிலும் அவர்களைப் பெரியவர்களோடு சேர விடக்கூடாது. கைதானதும் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். இத்தனையும் வயது என்ற அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. அதனால், பெற்றோரே, பையனைப் பிடித்திருக்கிறார்கள் என்று போன் வந்ததும் அழுதுகொண்டே ஓடாதீர்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். கைது நடந்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால் நேரம் குறைவு. ரிமாண்ட் கட்டத்திலேயே தேசியச் சட்ட உதவி அறவாரியம் வழியாக இலவச வழக்கறிஞர் கிடைப்பார், கேளுங்கள்.

அப்புறம், மாமா சித்தப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. "எங்கள் பையனுக்கு நியாயம் வேண்டும்" என்று படத்தோடு பேஸ்புக்கில் போடாதீர்கள். சிறாரை அடையாளம் காட்டும் பெயரையும் படத்தையும் வெளியிடுவதை அதே சட்டம் தடுக்கிறது. அவனுக்காகத்தான் சிறார் நீதிமன்றத்தையே மூடிய கதவுக்குள் நடத்துகிறார்கள்.

நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்தால் பலர் எதிரியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். தண்டனையை முடிவு செய்யும் முன் நீதிமன்றம் படிப்பது அவர் எழுதும் அறிக்கையைத்தான். பையன் நன்னடத்தை உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் வீட்டிலேயே இருப்பதா, மலாக்கா தெலுக் மாஸில் உள்ள சிறார் சீர்திருத்தப் பள்ளியான ஹென்றி கர்னிக்குப் போவதா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. "ஒத்துக்கொண்டால் இன்றைக்கே விட்டுவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால், வழக்கறிஞர் வரும்வரை தலையாட்டாதீர்கள்.

எங்கே படுத்தான், என்ன சாப்பிட்டான் என்று ஏன் துருவுகிறேன் என்று ஜூனியர்களுக்கு எரிச்சல். அமெரிக்காவில் 1980இல் வந்த ஒரு சட்டப்படி, மாநிலச் சிறைகளிலும் சிறார் தடுப்பு இல்லங்களிலும் நடக்கும் மோசமான உரிமை மீறலுக்கு மத்திய நீதித் துறையின் வழக்கறிஞர்களே வழக்குப் போடலாம். ஆனால் ஒரு பையனுக்கு நடந்தது போதாது. அது அங்கே வழக்கமாகவே நடக்கிறது என்று காட்ட வேண்டும்; அதற்குப் பல பையன்களின் குறிப்புகள் சேர வேண்டும். இங்கே மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் தடுப்புக்காவல் இடங்களுக்குப் போய்ப் பார்க்கலாம், பரிந்துரை செய்யலாம். அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க நம் கையில் என்ன இருக்கிறது? இந்தத் துண்டுத் துண்டுக் குறிப்புகள்தான்.

அந்த ஜூனியர் இப்போது எங்கள் படிவத்தின் தலையில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்: 'வயது – யார் சொன்னது? எந்தப் பத்திரத்தைப் பார்த்தீர்கள்?'