ஸ்கேன் என்றால் அலகிடுதல்

“கம்ப்யூட்டரை ஸ்கேன் பண்ணிட்டேன், ஒண்ணும் இல்லை” என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே எழும் கேள்வி: எந்த ஸ்கேன்? ஒவ்வொன்றாக நுணுகிப் பார்ப்பதும் ஸ்கேன்தான், ஒரு நோட்டம் விடுவதும் ஸ்கேன்தான். ஒரே சொல் இப்படி இரண்டு பக்கமும் இழுப்பதற்கு ஒரு கதை உண்டு.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஸ்காண்டெரே’ என்றால் ஏறுதல். பிற்கால லத்தீனில் அது செய்யுளின் அடியைப் பிரித்து அளப்பதையும் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஸ்கேன் என்பதற்கு அந்தப் பொருள்தான். எதையும் கூர்ந்து ஆராய்வது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுவது 20ஆம் நூற்றாண்டு வழக்கு.

செய்யுளைப் பிரித்து அளப்பதா? அதற்கு நம்மிடம் எப்போதோ சொல் இருக்கிறதே: அலகிடுதல்!

முதல் குறளை எடுத்துக்கொள்வோம். ‘அகர’ என்பதை அக/ர என்று பிரித்தால் நிரை, நேர் என்று இரண்டு அசைகள். இந்த அடுக்குக்கு இலக்கணம் வைத்திருக்கும் பெயர், அதாவது வாய்பாடு, புளிமா. ‘முதல’ அதே புளிமா. ‘எழுத்தெல்லாம்’ எழுத்/தெல்/லாம் என்று மூன்றாகப் பிரிந்து புளிமாங்காய் ஆகிறது. பொருள் என்ன என்று இங்கே யாரும் கேட்கவில்லை. துண்டாக்கி, கையிலிருக்கும் வாய்பாட்டோடு பொருத்திப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

தீநிரல், அதாவது கணினிக்குக் கேடு செய்யும் மால்வேரைத் தேடும் மென்பொருளின் அடிப்படை வேலையும் இதுதான். ஏற்கெனவே பிடிபட்ட தீநிரல்களின் அடையாளங்கள் ஒரு பட்டியலாக அதனிடம் இருக்கும். கோப்பைத் திறந்து, உள்ளிருப்பதை அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். பரவலாகப் புழங்கும் ‘வருடல்’ என்ற சொல் காகிதத்தின்மேல் ஒளி தடவிச் செல்லும் கருவிக்கு அழகாகப் பொருந்துகிறது, அதை வருடி என்றே சொல்லலாம். ஆனால் இங்கே தடவுதல் ஏது? அதனால்தான் அலகிடுதல் என்கிறேன். (மால்வேரைத் தீம்பொருள் என்றும் எழுதுகிறார்கள். தீம்பால், தீங்கனி என்று இனிமையைச் சொல்லும் ‘தீம்’ நினைவுக்கு வந்துவிடுவதால் எனக்குத் தீநிரல்தான் பிடிக்கிறது.)

சரி, முடிவு வந்துவிட்டது. திரையில் சிவப்பாக ஒரு பெயர்: ட்ரோஜன்:வின்32/வக்கடாக்.பி!எம்எல். விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரில் பலரும் பார்த்துப் பதறும் பெயர் இது. பதறாமல் இதையும் சீர் பிரிக்கலாம். ட்ரோஜன் என்பது வகை: நல்ல நிரல்போல வேடமிட்டு வருவது. வின்32 என்பது அது ஓடும் தளம். வக்கடாக் குடும்பப் பெயர், பி அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை. கடைசியில் ஆச்சரியக்குறிக்குப் பின் வரும் எம்எல்தான் நான் முதலில் தேடுவது. எந்திரக் கற்றலை (மெஷின் லேர்னிங்) வைத்துச் செய்த கணிப்பு என்று அதற்குப் பொருள். அதாவது வாய்பாடு அப்படியே பொருந்திப் பிடிபடவில்லை, சாயல் ஒத்துப்போயிருக்கிறது. நானே எழுதிய பத்து வரி நிரலைத் தொகுத்தவுடன் (கம்பைல்) இதே முத்திரை குத்தப்பட்டது, அதில் ஒரு தீங்கும் இல்லை. இப்படி நல்லதைக் கெட்டது என்று பிடிப்பதைப் பொய்யெச்சரிக்கை எனலாம்.

அதற்காக எம்எல் என்றாலே பொய் என்று தள்ளிவிடக் கூடாது. கோப்பு எங்கே இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். விலை கொடுக்காமல் விளையாட்டைத் திறக்க இறக்கிய ‘கிராக்’ என்றால் எச்சரிக்கையை நம்புவதே நல்லது. சந்தேகம் தீரவில்லையா, வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல நிறுவனங்களின் அலகிடு பொறிகள் ஒரே கோப்பைச் சோதித்துத் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் பொதுப்பெயரில் எச்சரித்தால் பொய்யெச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதிக்கு மேல் கைதூக்கினால் யோசிக்கவே வேண்டாம். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும்.

‘குவாரண்டைன்’ என்று வந்தால் கோப்பு அழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இயங்க முடியாதபடி ஒதுக்கிவைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒதுக்கம் என்ற சொல் போதும். அங்கிருந்து மீட்கவும் முடியும் என்பதால் அவசரப்பட்டு அழிக்கத் தேவையில்லை.

‘0 அச்சுறுத்தல்’ என்ற வரியைத்தான் இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும். விரைவு ஸ்கேன் நினைவகத்தையும், கணினி தொடங்கும்போது ஓடும் நிரல்களையும், தீநிரல் வழக்கமாகத் தங்கும் இடங்களையும் மட்டும் பார்க்கும். முழு ஸ்கேன் வட்டு முழுவதும் போகும், மணிக்கணக்கில்கூட ஆகலாம். கடவுச்சொல் போட்டுக் கட்டிய ஜிப் கோப்பு எதிலும் திறக்காது, ‘தவிர்க்கப்பட்டது’ என்ற கணக்கில் விழும். அடையாளப் பட்டியல் பழசாக இருந்தால் புது தீநிரல் கண்ணெதிரே இருந்தும் நழுவிவிடும். அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னை மறைத்துக்கொள்ளும் வகையும் உண்டு. அதற்கு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது: கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும்.

பேச்சில் ஸ்கேன் என்றே இருக்கட்டும். எழுதும்போது விரைவு அலகீடு, முழு அலகீடு, தொடக்கத்துக்கு முந்தைய அலகீடு என்று பிரித்துச் சொல்லலாம். “பட்டியலைப் புதுப்பித்து முழு அலகீடு செய்தேன், 2 கோப்புகள் ஒதுக்கத்தில் இருக்கின்றன” என்று ஒருவர் உதவி கேட்டு எழுதினால், எந்த ஸ்கேன் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது.