அடிக்காதீர்கள், ஊதிவிடுங்கள்

ஐப்பசியில் நாலு மழை பெய்தால் போதும், எங்கள் தோல் நோய்ப் பிரிவில் ஒரே வசனம்: "டாக்டர், எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிடுச்சு." இந்த வாரம் வந்த விடுதி மாணவருக்குக் கழுத்தில் கோடு இழுத்தமாதிரி சிவப்பு, நடுவில் சீழ்க்கொப்புளங்கள். அதன்மேல் சுண்ணாம்பு, அதற்கும் மேல் டூத்பேஸ்ட். பூச்சியால் வந்த புண் எது, சுண்ணாம்பில் வெந்தது எது என்று நான் எப்படிப் பிரிப்பது?

சிலந்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதன் கழிவு தோலைப் பொசுக்காது. "பார்த்தீர்களா?" என்று கேட்டால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், சுவர் மூலையில் ஒட்டடை இருந்ததாம், அதனால் அதன்மேல் பழி. உண்மையான ஆள் பேடெரஸ் என்ற வண்டு. ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. கறுப்புத் தலை, ஆரஞ்சு மார்பு, அப்புறம் நீலப்பச்சையாக மின்னும் குட்டைச் சிறகுறை, மறுபடி ஆரஞ்சு வயிறு, நுனியில் கறுப்பு. கால்கள் ஆறு, எட்டு அல்ல. சிறகுறை வயிற்றை மூடாததால் எறும்பு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சின்ன உறைக்குள் நீளமான பின்சிறகை மடித்து வைத்திருக்கிறது; வயலிலிருந்து டியூப்லைட்டைத் தேடிப் பறந்து வரும்.

திரும்பவும் சொல்கிறேன்: இது கடிக்காது, கொட்டாது. வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும், அங்கே கொடுக்கு கிடையாது. பெடெரின் என்ற நச்சு அதன் உடல்நீரில் இருக்கிறது. அதைத் தயாரிப்பதுகூட வண்டு அல்ல, அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா. நீங்கள் நசுக்கினால்தான் அது உங்கள் தோலுக்கு வரும். தூக்கக் கலக்கத்தில் அடித்துத் தேய்க்கிறீர்களே, உங்கள் கை போன வழிதான் அந்தக் கோடு. முழங்கை மடிப்பில் நசுங்கினால் மடிப்பின் இருபுறமும் ஒரே அச்சு விழும். எரிச்சல் பெரும்பாலும் ஒரு நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் அடித்ததே மறந்திருக்கும்.

மேலே ஊர்ந்தால் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுக்கிவிட்டீர்களா, உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடவே கூடாது. போர்வையை உதறிவிட்டுப் படுங்கள், சன்னலுக்கு வலை அடியுங்கள், வேண்டாத விளக்கை அணையுங்கள். வயலில் கண்டால் விட்டுவிடுங்கள்; நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்பவர் இவர்தான். புண் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும், கருந்தடம் மறையத்தான் நாளாகும். கண் வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

இதை அக்கி என்று நினைத்துக் காவியில் எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. தானாக ஆறுகிற புண், எழுதியவருக்கு நல்ல பேர். சரி, போகட்டும். நிஜ அக்கியைப் 'பூச்சி' என்று விட்டுவிடுவதுதான் என் கவலை. அக்கியில் பெரும்பாலும் வலி முதலில் வரும், பிறகு உடம்பின் ஒரே பக்கமாகப் பட்டையாய்க் கொப்புளம். 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்குவது நல்லது. வீட்டில் பெரியவர்கள் விலாவில் எரிகிறது என்று சொல்லி, அங்கே கொப்புளமும் தெரிந்தால், தயவுசெய்து படுக்கையில் பூச்சி தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள்.