மோட்டார் இல்லாத கை

ஒரு கையால் மறு முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே தசை புரள்வது தெரியும். விரல்களை மடக்கும் வலிமை அங்கேதான் இருக்கிறது. அதை விரல் நுனிவரை கொண்டுபோவது தசைநாண்கள். பொம்மலாட்டக்காரர் நூலை இழுக்க, பொம்மை கையசைக்கிறதே, அதே ஏற்பாடு.

விலை குறைந்த செயற்கைக் கையின் நுட்பமும் இதுதான். 2011இல் தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் ரம்பத்தில் விரல்களை இழந்தார். செயற்கை விரல்களின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. அமெரிக்கரான ஐவன் ஓவன் செய்திருந்த இயந்திரக் கையை வீடியோவில் பார்த்து, அவருடன் சேர்ந்தார். விரல்கள் இல்லாமல் பிறந்த ஒரு சிறுவனுக்கு இருவரும் கை செய்தார்கள். 2013இல் அதன் வடிவமைப்பை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த முடிவு கண்டுபிடிப்பில் பாதி. முப்பரிமாண அச்சுப்பொறி (பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக இட்டுப் பொருளை உருவாக்கும் 3டி பிரிண்டர்) வைத்திருந்த எத்தனையோ பேர் முன்பின் தெரியாத குழந்தைகளுக்குக் கை அச்சிட்டுக் கொடுக்க முடிந்தது அதனால்தான்.

பிளாஸ்டிக் விரல்களுக்குள் தூண்டில் நரம்பு போன்ற, நீளாத இழை ஓடுகிறது. அது மணிக்கட்டின் மேற்புறமாக வந்து முன்கைப் பட்டையில் கட்டப்பட்டிருக்கும். மணிக்கட்டைக் கீழே மடக்கினால் இழை இறுகி விரல்கள் மூடும். நிமிர்த்தினால் விரல்களின் முதுகில் இருக்கும் எலாஸ்டிக் அவற்றைத் திறந்துவிடும். பேட்டரிகூட வேண்டாம்.

சில வடிவங்களில் இழைகள் தராசுக் கோல் போன்ற குறுக்குத் துண்டில் சேர்கின்றன. டம்ளரை எடுக்கும்போது ஆள்காட்டி விரல் முதலில் தொட்டு நின்றுவிட்டால், கோல் சாய்ந்து மிச்ச இழுவையை மற்ற விரல்களுக்குக் கொடுக்கும். நான்கும் டம்ளரின் வளைவில் படியும்.

அடுத்த கவலை கனம். ஒரு கிலோ அரிசியை மார்போடு அணைத்துப் பிடிப்பது எளிது. கையை நீட்டிப் பிடித்தால் சற்று நேரத்தில் தோள் கடுக்கும். செயற்கைக் கையின் எடையோ கையின் கடைசியில், எலும்போடு சேராமல் தோலைப் பற்றித் தொங்குகிறது. நம் கையின் எடையே இருந்தாலும் அணிந்தவருக்கு அதிகமாகத் தெரியும். வலித்தால் கழற்றி வைத்துவிடுவார்கள். அதனால் பாகங்களின் உட்புறத்தைத் தேன்கூடு போல இடைவெளி விட்டு அச்சிடுகிறார்கள்.

மணிக்கட்டு இல்லாதவருக்கு முழங்கையின் மடக்கம் இழையை இழுக்கும். அதற்கும் மேலே கையை இழந்தவருக்குத் தோள் அசைவால் இயங்கும் வார்ப்பட்டைகளோ, தசையின் மின் குறிப்பை அறிந்து மோட்டாரை ஓட்டும் கைகளோ தேவை. இரண்டாவது வகையின் விலை லட்சங்களில் போகும்.

இந்தக் கைகளை அச்சிடப் பெரும்பாலும் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். முன்கைப் பட்டையைத் தட்டையாக அச்சிட்டு, வெந்நீரில் போட்டெடுத்து, அவரவர் கைக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளலாம். அதே காரணத்தால், வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுச் செல்லக் கூடாது, கோணிப்போய்விடும்.