தண்டவாளத்தில் விடும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு மேற்கே குளூஃபிலிருந்து இன்சாங்கா வரை நீராவி ரயிலில் போய்வந்த சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர் சில கேள்விகள் அனுப்பியிருக்கிறார். “வழி நெடுக தடக்-தடக் என்று சத்தம் வருகிறதே, புது ரயில்களில் அது ஏன் இல்லை? பழைய பாதை பழுதாகிவிட்டது என்று அர்த்தமா? பழைய தண்டவாளங்களைக் கழற்றிப் புதுப்பிக்கும் தொண்டர்கள் அந்த வேலையை ஏன் குளிர்காலத்துக்கு என்று ஒதுக்கிவைக்கிறார்கள்?”

எல்லாவற்றுக்கும் விடை ஒன்றுதான். ஒரு தண்டவாளம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வேண்டுமென்றே விடப்படும் சில மில்லிமீட்டர் இடைவெளி. அந்தச் சத்தம் பழுதின் அடையாளம் அல்ல. இடைவெளி இருக்கிறது, தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான சாட்சி அது.

சத்தத்தை வைத்து வேகத்தையும் கணக்கிடலாம். பழைய தண்டவாளம் ஒன்றின் வழக்கமான நீளம் 40 அடி, அதாவது 12.19 மீட்டர். ரயில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு தண்டவாளத்தைக் கடக்க ஏறக்குறைய 44 வினாடி ஆகும். ஆகவே 44 வினாடிக்குள் எத்தனை இணைப்புகளைக் கடக்கிறீர்களோ, அதுவே கிலோமீட்டர் கணக்கில் மணி வேகம். 30 இணைப்பு என்றால் 30 கிலோமீட்டர். பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியில் இரண்டு அச்சுகள் இருப்பதால் ஓர் இணைப்புக்கு இரண்டு தட்டல் கேட்கும். இரட்டைத் தட்டலை ஒன்றாக எண்ண வேண்டும். இடது, வலது தண்டவாளங்களின் இணைப்புகள் நேருக்கு நேர் இல்லாமல் மாறிமாறி அமைந்திருந்தால் ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் எண்ணுங்கள்.

டர்பன் அடங்கிய நேட்டாலில் ரயிலின் கதையும் நம்மவர்களின் கதையும் ஒரே ஆண்டில் தொடங்குகின்றன. டர்பன் துறைமுக முனையிலிருந்து முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது அதே ஆண்டு நவம்பர் 16. பின்னாளில் நேட்டால் அரசு ரயில்வேயில் பாதை வேலை செய்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் ஏராளம். 1880இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை எட்டிய அந்தப் பாதையைக் கடப்பாரையும் தோள்பலமும் கொண்டு நேராக வைத்திருந்தவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. இன்று பழைய பாதைகளைக் காக்கும் தொண்டர்கள் கையாளும் கருவிகளில் பெரும்பாலானவை அன்றைய கருவிகளே.

வேலை எப்படி நடக்கிறது என்பதை விரைவாகப் பார்த்துவிடுவோம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊற வைப்பார்கள். மறுநாள் போல்ட், தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் திருகாணி எல்லாம் கழற்றி, பழைய தண்டவாளத்தை நகர்த்தி, அதன் அடியில் குறுக்கே கிடக்கும் இற்றுப்போன ஸ்லீப்பர் கட்டைகளைப் பக்கவாட்டில் இழுத்துப் போடுவார்கள். பிறகு ஜல்லியை முள்கரண்டி மண்வாரியால் அள்ளி உதறினால் தூசியும் மண்ணும் உதிர்ந்து கல் மட்டும் மிஞ்சும். இந்தக் கட்டத்தில் பலருக்குப் பொறுமை போய்விடும், ஆனால் இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லா வேலையும் வீண். மண் கலந்த ஜல்லியில் மழைநீர் தேங்கும். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தச் சேறு பம்பு அடித்ததுபோல மேலே பீய்ச்சும், கட்டை ஆடத் தொடங்கும்.

இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 1067 மில்லிமீட்டர் அகலம் உள்ள பாதைக்கான மரக்கட்டை சுமார் 2.1 மீட்டர் நீளம், 60 முதல் 70 கிலோ எடை. கட்டைகளை 70 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைத்தால் 12 மீட்டருக்கு 17 வேண்டும். இணைப்பு வரும் இடத்தில் மட்டும் இரண்டு கட்டைகளை நெருக்கி வைத்து, இணைப்பு அவற்றுக்கு நடுவே தொங்கும்படி அமைப்பார்கள். மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ள இலேசான தண்டவாளமே 12 மீட்டருக்கு 360 கிலோ. 48 கிலோ வகை என்றால் 576 கிலோ. 20 பேர் இடுக்கி போட்டுத் தூக்கினாலும் தலைக்கு 29 கிலோ வரும். ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே கணத்தில் தூக்கி ஒரே கணத்தில் இறக்க வேண்டும். நசுங்கும் விரல்கள் பெரும்பாலும் இறக்கும்போதுதான் நசுங்குகின்றன.

திருகாணிக்கு முதலில் கொஞ்சம் சிறிய துளை போட்டு, துளைக்குள் மரம் காக்கும் எண்ணெய் விட்டு, பிறகு திருகியே இறக்க வேண்டும். சம்மட்டியால் அடித்து இறக்கினால் மரத்தில் புரி அறுந்துபோகும். அன்று இறுக்கமாகத் தெரியும் திருகாணி ஆறு மாதத்தில் கையோடு வரும்.

கிடைக்கும் தண்டவாளமும் பெரும்பாலும் வேறெங்கோ ஓடித் தேய்ந்ததுதான். வளைவில் தேய்ந்த பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போடலாம். நுனி நசுங்கியிருந்தால் அரை மீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துளை போடுவார்கள். அந்தத் துளையைத் துளைப்பான் கொண்டுதான் போட வேண்டும். எரிவாயுச் சுடரால் ஊதித் திறந்த துளையின் ஓரத்தில் எஃகு கெட்டித்துப்போய் விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

இனி அந்த இடைவெளிக்கு வருவோம்.

எஃகு ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 0.0115 மில்லிமீட்டர் நீளும். 12 மீட்டர் தண்டவாளத்துக்கு அது 0.138 மில்லிமீட்டர். வேறு விதமாகச் சொன்னால், ஏழு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர். பாதைத் தொண்டர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண் இது. டர்பனுக்கு மேலேயுள்ள மலைப்பக்கத்தில் குளிர்கால விடியலில் தண்டவாளம் 5 டிகிரிக்கு இறங்கலாம், கோடை நண்பகலில் 55 டிகிரியைத் தொடலாம். வெயிலில் கிடக்கும் எஃகு காற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகச் சுடும் என்பதால், வானிலை அறிக்கையில் வரும் எண்ணை நம்பி இதில் இறங்கக் கூடாது. காந்தம் பொருத்திய வெப்பமானியைத் தண்டவாளத்தின் நிழல் பக்கத்தில் ஒட்டவைத்து, அது நிலைப்பட்டபின் பார்க்க வேண்டும்.

55 டிகிரியில் இடைவெளி முற்றிலும் மூடட்டும் என்று முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். 55இலிருந்து இப்போதைய தண்டவாள வெப்பத்தைக் கழித்து ஏழால் வகுத்தால் விட வேண்டிய இடைவெளி கிடைத்துவிடும். காலையில் 20 டிகிரி என்றால் 5 மில்லிமீட்டர். வெயில் ஏறி 34 ஆனால் 3. பிற்பகல் 41 என்றால் 2. ஒரே நாளில் ஒரே ஆட்கள் போடும் பாதையில்கூட காலை இடைவெளி வேறு, மாலை இடைவெளி வேறு! அதனால் ஒவ்வொரு தடிமனிலும் தகட்டுத் துண்டுகளைத் தயாராக வைத்துக்கொண்டு, இரண்டு நுனிகளுக்கும் நடுவே செருகி, தண்டவாளத்தை அதில் முட்டவைத்துப் போல்ட் போடுவார்கள். நாலைந்து தண்டவாளம் தள்ளிப் போனபின் தகடுகளை உருவிவிட வேண்டும். உருவ மறந்த தகடு, இடைவெளியே விடாததற்குச் சமம்.

கணக்குத் தவறினால் என்ன ஆகும்? விடியலில் 10 டிகிரியில் வேலை செய்தவர்கள் 2 மில்லிமீட்டர்தான் விட்டார்கள் என்று கொள்வோம். 24 டிகிரியிலேயே நுனிகள் முட்டிக்கொள்ளும். அங்கிருந்து 55 வரை, 31 டிகிரி அளவுக்கு, தண்டவாளம் நீளப் பார்க்கும். நீள இடமில்லை. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. நீள முடியாத எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் வெட்டுமுகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஏறத்தாழ 2.4 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது. 30 கிலோ தண்டவாளத்தின் வெட்டுமுகம் சுமார் 3,820 சதுர மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 31 டிகிரிக்கு ஒரு தண்டவாளத்தில் கிட்டத்தட்ட 29 டன் எடைக்குச் சமமான தள்ளுவிசை. 48 கிலோ தண்டவாளமானால் 46 டன். ரயிலே வரவில்லை, வெயில் மட்டும்தான் வந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் நீளம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நகரவிடாமல் பிடித்தால், 12 மீட்டர் தண்டவாளம் தரும் அதே விசையைத்தான் 12 கிலோமீட்டர் தண்டவாளமும் தரும். புதுப் பாதைகளில் இடைவெளியே இல்லாமல் பற்றவைத்துக்கொண்டே போக முடிவதற்கு இதுதான் காரணம். அங்கே விரிவுக்கு இடம் விடுவதில்லை. விசை உண்டாகட்டும் என்று விட்டுவிட்டு, கனமான கான்கிரீட் ஸ்லீப்பரும் எஃகுக் கிளிப்பும் நிறைய ஜல்லியும் போட்டு அதைப் பிடித்து வைக்கிறார்கள். தடக்-தடக் போனது அப்படித்தான். பழைய பாதையில் மரக்கட்டை, குறைந்த ஜல்லி, நெருக்கமான வளைவுகள். அவ்வளவு விசையைப் பிடித்துவைக்க அதற்குத் தெம்பு கிடையாது. அங்கே விசை தேங்கினால் பாதை பக்கவாட்டில் பாம்பாக நெளிந்துவிடும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில்.

அந்த நெளிவைத் தடுப்பது முக்கியமாக ஜல்லிதான். உடைத்த கல்லின் கூர்முனைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு கட்டைகளைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கின்றன. ஆற்றுக் கூழாங்கல் உருண்டுவிடும் என்பதால் அதைப் போட மாட்டார்கள். ஆனால் பாதையை ஜாக்கியால் தூக்கிக் கட்டைக்கு அடியில் கல்லை அடித்து இறுக்கும்போது, பல ஆண்டுகளாகக் கவ்விக் கிடந்த கற்கள் எல்லாம் கலைந்துபோகின்றன. பக்கவாட்டுப் பிடிப்பு பாதியளவுக்குக் குறைந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பாதை அழகாக, நேராக, புதிதாக இருக்கும். உண்மையில் அதன் வாழ்நாளிலேயே பலம் குறைந்த நாள் அதுதான். பல ரயில்கள் மெதுவாக ஓடி அமுக்கிய பிறகே பிடிப்பு திரும்பும். கோடையில் இந்த வேலை வேண்டாம் என்று சொல்வதும், வேலை முடிந்த பகுதியில் வேகக் கட்டுப்பாடு வைப்பதும் இதனால்தான்.

புதுப் பாதையில் முதல் ரயில் ஏறும்முன் தேங்காய் உடைப்பதும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதும் நம் வழக்கம். உழைத்த கைகளுக்கும் உலோகத்துக்கும் காட்டும் மரியாதை அது, இருக்கட்டும். ஆனால் நல்ல நேரம் தப்பிவிடும் என்று வெப்பமானி பார்க்காமல் தண்டவாளம் பூட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பாதைக்கு முகூர்த்தம் குறித்துத் தருவது வெப்பமானி ஒன்றுதான்.

இடைவெளி விட்டால் மட்டும் போதாது, அது மூடித் திறக்கவும் வேண்டும். இரண்டு தண்டவாளங்களையும் சேர்ப்பவை இருபுறமும் வைக்கும் இணைப்புத் தகடுகள். பார்ப்பவர்கள் அவை தண்டவாளத்தின் நடுச்சுவரோடு ஒட்டியிருப்பதாக நினைப்பார்கள். அப்படி இல்லை. தகட்டின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் சாய்வாகச் செதுக்கப்பட்டு, தண்டவாளத் தலையின் அடிப்பகுதிக்கும் பாதத்தின் மேல்பகுதிக்கும் நடுவே ஆப்பாக இறங்குகின்றன. போல்ட்டை இறுக்க இறுக்க ஆப்பு உள்ளே போகும், இரண்டு நுனிகளும் ஒரே மட்டத்துக்கு வரும். எடையைத் தாங்குவது அந்தச் சாய்வு முகங்கள், போல்ட் அல்ல. தண்டவாளத்தில் போட்ட துளை போல்ட்டைவிடச் சில மில்லிமீட்டர் பெரிது. ஆகவே மேலும் கீழும் அசையாமல், முன்னும் பின்னும் மட்டும் சறுக்கக்கூடிய ஓர் இணைப்பு கிடைக்கிறது. நான்கு போல்ட், இரண்டு தகடு, இவ்வளவுதான். இதைவிட எளிமையாக இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று எனக்குத் தோன்றவில்லை.

சறுக்க வேண்டிய முகங்களுக்கு மசகு வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, கோடை தொடங்கும்முன், ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி, துருவைச் சுரண்டி, தகட்டின் பின்புறத்தில் விரிசல் பார்த்து, கிராஃபைட் கலந்த மசகு தடவிப் பூட்ட வேண்டும். கிலோமீட்டருக்கு 160க்கும் மேற்பட்ட இணைப்புகள். தொண்டர்கள் குறைந்த அமைப்புகளில் முதலில் தள்ளிப்போடப்படும் வேலை இதுவே. துருவேறி இறுகிய இணைப்பு இடைவெளியைத் திறந்தபடியே பூட்டிவைத்துவிடும். அங்கே விரிய முடியாத எஃகு தன் தள்ளலைப் பக்கத்து இணைப்புகளிடம் ஒப்படைக்கும்.

நேட்டாலின் பழைய முதன்மைப் பாதைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, சரிவு. முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் இடங்கள் அதில் இருந்தன. இறங்கும் ரயில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தண்டவாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளுகிறது. நாளடைவில் சரிவின் அடியில் இடைவெளிகள் மூடிப்போகும், உச்சியில் போல்ட்டே வளையும் அளவுக்கு அகன்றுவிடும். இதைத் தடுக்கத் தண்டவாளத்தின் பாதத்தைக் கவ்வி, கட்டையின் பக்கத்தில் முட்டி நிற்கும் நங்கூரக் கவ்விகளைப் போடுவார்கள். பழைய இரும்பு விற்பவர்களின் கண் முதலில் விழுவதும் இந்தக் கவ்விகள், கிளிப்புகள்மேல்தான். உலோகத் திருட்டு முற்றியதால் தென்னாப்பிரிக்க அரசு 2022 நவம்பரில் பழைய இரும்பு ஏற்றுமதிக்கே தற்காலிகத் தடை போட்டது. கையளவு கவ்வி காணாமல் போனால் அடுத்த கோடையில் பாதை நெளியும் என்பதை ஊர்மக்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதும் பாதைப் பராமரிப்பில் சேர்த்திதான்.

பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் ரயில் பொறியியலுக்கென்றே ஆய்வு இருக்கை உள்ளது. பழைய பாதைகளை வெறும் சுற்றுலாவாகப் பார்க்காமல், ஆய்வுப் பணத்தில் சிறு பங்கை அவற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பரபரப்பான சரக்குப் பாதையில் ஒரு மாணவரைக் காலையிலிருந்து மாலைவரை இடைவெளி அளக்க விட மாட்டார்கள். வாரத்துக்கு ஓரிரு ரயில் ஓடும் பாதையில் தாராளமாக விடலாம். தொண்டர்களுக்கும் ஒழுங்கான அளவீட்டுப் பதிவு கிடைக்கும்.

அந்தப் பதிவை வைத்துக்கொள்ளப் பெரிய கருவி தேவையில்லை. இணைப்புக்கு ஒரு எண் எழுதி, ஆப்பு வடிவ அளவுக்கோலை இடைவெளியில் செருகி, தண்டவாள வெப்பத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். புதுப் பாதையில் முதல் ஆண்டு இங்கே குளிர்காலமான ஜூலையின் விடியலிலும் கோடையான ஜனவரியின் நண்பகலிலும் அளப்பது அவசியம். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஏழு டிகிரிக் கணக்கோடு ஒப்பிட்டால், எந்த இணைப்பு இறுகிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். வரிசையாக மூன்று, நான்கு இணைப்புகள் 40 டிகிரிக்கு முன்பே மூடிக்கிடந்தால் அன்று ரயிலை நிறுத்திவிட்டு, மறுநாள் விடியலில் போல்ட்டைத் தளர்த்தித் தண்டவாளங்களைப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்வார்கள். தளர்த்துவது எப்போதும் குளிர்ந்த வேளையில்தான். வெயிலில் முட்டிக்கொண்டு நிற்கும் இணைப்பின் போல்ட்டை ஒருபோதும் தொடக் கூடாது. அதற்குள் எத்தனை டன் விசை காத்திருக்கிறது என்று மேலே கணக்குப் போட்டிருக்கிறோம்.