வாயு என்று நினைத்த எட்டு மாதம்

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் வயிற்றில் எது வந்தாலும் முதலில் சொல்வது ‘வாயு’. ஓமத் தண்ணீர், கோலி சோடா, அப்புறம் மெடிக்கலில் வாங்கும் அசிடிட்டி மாத்திரை. என் பெரியப்பா இப்படியே எட்டு மாதம் ஓட்டினார். “நாலு வாய் திங்கதுக்குள்ள வயிறு ரொம்பிருதுடே” என்பார். இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்த பிறகுதான் பாளையங்கோட்டையில், வாய்வழியே கேமராக் குழாய் விடும் எண்டாஸ்கோப்பி பார்த்தோம். இரைப்பைப் புற்று. மாத்திரையால் வலி குறைந்தது உண்மை. அமிலம் குறைந்தால் புற்றுப் புண்ணின் மேற்பரப்புகூட ஆறினாற்போலத் தெரியும். அடியில் நோய் இறங்கிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. இரைப்பைச் சுவரில் உள்ளே வழவழப்பான சவ்வு, அதன்கீழ் மெல்லிய திசு, பிறகு தடித்த தசை, வெளியே உறை. புற்று தொடங்குவது உட்சவ்வில். பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பல்லாண்டுகள் புண்ணாக்கிய இடத்தில். இக்கிருமியைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. புகையும் அதிக உப்பும் அபாயத்தைக் கூட்டுகின்றன. தினமும் கருவாடு கேட்கும் வீடுகள் இதைக் கவனிக்கலாம்.

உட்சவ்வைத் தாண்டாத சிறு புற்றை எண்டாஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிடலாம். அடியில் திரவம் செலுத்தி உப்பச் செய்து, மின்கத்தியால் சுற்றி அறுத்து உரித்தெடுப்பார்கள். வயிற்றில் ஒரு தையல்கூட இராது. ஜப்பானில் வளர்ந்த முறை இது. தென்கொரியாவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை உண்டு. அதனால் அங்கே நோய் இந்த நிலையிலேயே பலருக்குப் பிடிபடுகிறது. நம்மிடம் அப்படியொரு திட்டம் இல்லை. புதிதாக வந்த அசீரணம் விடாமல் தொடர்ந்தால், மலம் கறுத்தால், எடை இறங்கினால், எண்டாஸ்கோப்பிக்குச் சில நிமிடங்களே ஆகும்.

ஆழம் கூடக்கூட நோய், உடலின் நிணநீரை வடிகட்டும் சிறு கணுக்களான நிணநீர் முடிச்சுகளுக்கு ஓடுகிறது. 1881இல் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வெற்றிகரமாக இரைப்பைப் புற்றை வெட்டியெடுத்தார். அந்தப் பெண் அறுவையில் பிழைத்தார், சில மாதங்களில் நோய் திரும்பி இறந்தார். வயலில் கிடக்கும் அமலைச்செடியை (ஆகாயத்தாமரை) மட்டும் பிடுங்கிப் பயனில்லை, வாய்க்காலில் மடைவரை அரிக்க வேண்டும் என்பது தாமிரபரணிக்காரர்களுக்குத் தெரியும். இங்கே நிணநீர் வாய்க்கால்கள் இரைப்பைக்கு வரும் ரத்தக்குழாய்களின் ஓரம் செல்கின்றன. ஆகவே குழாயை வேரிலேயே கட்டி, சுற்றியுள்ள முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கிறார்கள். நோயின் நிலையைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 16 முடிச்சுகளையாவது ஆராய வேண்டும்.

இன்று பெரிய மாற்றம் சிகிச்சையின் வரிசையில். ஆழமாக இறங்கியும் தூர உறுப்புகளுக்குப் பரவாத புற்றுக்கு முதலில் கீமோ, பிறகு கத்தி, மறுபடி கீமோ. அதற்கும் முன் சிறு துளை வழியே கேமரா விட்டு வயிற்றறையைப் பார்க்கிறார்கள். வயிற்றறையின் உள்ளுறையில் அரிசிக்குருணைபோல் சிதறிய நோய் சிடி ஸ்கேனில் தப்பிவிடக்கூடும்.

பெரியப்பாவுக்கு இரைப்பை முழுவதும் போயிற்று. சிறுகுடலை மேலிழுத்து உணவுக்குழாயோடு இணைத்தார்கள். பி12 சத்தை உடல் ஏற்க உதவும் புரதம் இரைப்பையில்தான் சுரந்தது. அதனால் ஆயுள் முழுக்க ஊசி. சொதிச் சோறு இப்போது அரைக் கிண்ணம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மென்று மென்று.