ஆங்கில ஏல் ஈஸ்டுக்கு மாற்று தேடும்போது

இராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஏதாவது ஒரு பேக்கரியின் பின்கட்டுக்குள் நுழைந்தால், தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் வெளிர் பழுப்பு நிற ஈஸ்ட் கட்டியைப் பார்க்கலாம். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும் அந்தக் கட்டியில் இருப்பதும், லண்டன் பீர் ஆலையில் ஏல் என்ற பீர் வகையை நொதிக்க வைப்பதும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனந்தான். அப்படியானால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் என்ன என்று, வடசென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் அங்கே வீட்டில் பீர் காய்ச்சப் பழகிய எவருக்கும் கேட்கத் தோன்றும். அங்கே 1963 முதல் வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம் என்பதால், இங்கே இருப்பவர்களுக்கு இது உயிரியல் கேள்வி மட்டுமே.

இனம் ஒன்றாக இருந்தாலும் நடத்தை ஒன்றல்ல. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் சாற்றில் பாதியளவு சர்க்கரை மால்ட்டோஸ். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, மூன்று குளுகோஸ் கோத்த மால்ட்டோட்ரையோஸ். இந்த இரண்டாவதைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளத் தனியாக ஒரு கடத்திப் புரதம் வேண்டும். அது சரியாக வேலை செய்யாத ஈஸ்ட், அந்தச் சர்க்கரையை அப்படியே பீரில் விட்டுவிடும். வின்ட்சர், நாட்டிங்ஹாம் என இரண்டு உலர் ஈஸ்டுகள் ஆங்கில ஊர்ப்பெயர்களைத் தாங்கி ஒரே நிறுவனத்திடமிருந்து வருகின்றன. வின்ட்சர் மால்ட்டோட்ரையோஸைத் தொடுவதில்லை என்பதால் பீர் இனிப்பாகவும் கனமாகவும் நிற்கும். நாட்டிங்ஹாம் அதையும் தின்று தீர்ப்பதால் பீர் இனிப்பில்லாமல் வறண்ட சுவையாகிவிடும். பாக்கெட்டில் உள்ள பெயரைப் பார்த்து மாற்று வாங்குவதில் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

என் பார்வையில் ஆங்கில ஈஸ்டின் தனித்தன்மை அது அடியில் படியும் விதத்தில்தான் இருக்கிறது. செல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகைப் புரதங்கள், பக்கத்துச் செல்லின் சுவரிலுள்ள மானோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்கின்றன; இந்தப் பிடிப்புக்குக் கால்சியம் அயனிகள் அவசியம். சாற்றில் மால்ட்டோஸும் குளுகோஸும் மிகுந்திருக்கும்வரை அவையே அந்தப் புரதங்களை அடைத்துக்கொண்டிருப்பதால் செல்கள் தனித்தனியாக மிதந்து வேலை செய்கின்றன. சர்க்கரை தீரத் தீர அந்த அடைப்பு விலகி, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஆயிரக்கணக்கில் திரண்டு கீழே இறங்குகின்றன. வையீஸ்ட் 1968 (இது வகை எண், ஆண்டல்ல) என்ற ஆங்கிலத் திரவ ஈஸ்டைக் கண்ணாடிக் குடுவையில் கலக்கிப் பார்த்தால் திரிந்த பால்போலத் திட்டுத்திட்டாகத் தெரியும். கலக்குவதை நிறுத்திய சில நிமிடங்களில் மேலே தெளிந்துவிடும். வடிகட்டாமல் பீப்பாயிலிருந்தே ஊற்றிக் கொடுக்கும் ஆங்கில மதுக்கடை வழக்கத்துக்கு இப்படிச் சீக்கிரம் தெளியும் ஈஸ்ட் மிகவும் வசதியானது.

இந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. வேலின் என்ற அமினோ அமிலத்தை ஈஸ்ட் தயாரிக்கும்போது இடைப்பொருள் ஒன்று செல்லுக்கு வெளியே கசிந்து, தானாகவே டையசிட்டைலாக மாறி வெண்ணெய் மணத்தைத் தருகிறது. மிதக்கும் ஈஸ்ட் அதை மீண்டும் உள்ளிழுத்து மணமற்றதாக்கிவிடும். அவசரப்பட்டுப் படிந்துவிட்ட ஈஸ்டால் அது முடியாது. ஆகவே இவ்வகை ஈஸ்டைப் பயன்படுத்துவோர், நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி கூட்டி, பாத்திரத்தை மெல்லச் சுழற்றி, படிந்ததை எழுப்பிவிடுகிறார்கள்.

இனி பேக்கரிக் கட்டிக்கு வரலாம். அது மாவை வேகமாக உப்ப வைப்பதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. தெளிவாகப் படிய வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்ததில்லை. மணத்திலும் சிக்கல் உண்டு. பார்லியிலுள்ள ஃபெரூலிக் அமிலத்தைக் கிராம்பு மணமுள்ள பொருளாக மாற்றும் இரண்டு மரபணுக்கள் ரொட்டி ஈஸ்டுகளில் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. 2016இல் 157 தொழில்முறை ஈஸ்டுகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, பீர் ஈஸ்டுகள் பலவற்றில் அந்த மரபணுக்கள் செயலிழந்திருப்பதைக் காட்டியது. ஒவ்வொரு காய்ச்சலிலிருந்தும் ஈஸ்டை எடுத்து அடுத்ததில் போட்டுவந்த ஆலைக்காரர்கள், மரபணு என்ற ஒன்றை அறியாமலே பல நூற்றாண்டுகள் செய்த தேர்வு அது.

ஆக, வையீஸ்ட் 1968 கிடைக்காதபோது முதலில் நாட வேண்டியது டபிள்யூஎல்பி002 என்ற மற்றொரு திரவ ஈஸ்ட். இரண்டுமே லண்டனின் ஃபுல்லர்ஸ் ஆலையிலிருந்து வந்தவை என்பது காய்ச்சுவோரிடையே உள்ள பேச்சு. உலர் வகையில் எஸ்-04 அருகில் வரும். அதன் மூலம் விட்பிரெட் ஆலை என்பார்கள். 1871இல் லூயி பாஸ்டர் போய் நுண்ணோக்கியில் ஈஸ்டைப் பார்த்த அதே லண்டன் ஆலை. எஸ்-04 நன்றாகப் படியும், ஆனால் சர்க்கரையைச் சற்று அதிகமாகத் தின்னும். எனவே மால்ட்டை ஊறவைக்கும் நீரின் சூட்டை 66 டிகிரியிலிருந்து 68க்கு உயர்த்தினால், ஈஸ்டால் தின்ன முடியாத நீள்சங்கிலிச் சர்க்கரை கூடி இழப்பு ஈடாகும்.

கடையில் எதுவும் இல்லையென்றால் பாட்டிலே மூலம். ஃபுல்லர்ஸ் 1845 போல ஈஸ்ட் உயிரோடு அடைக்கப்பட்ட பீரை மெதுவாக ஊற்றிவிட்டு, அடியில் ஒரு விரல் உயரம் மிச்சம் வைத்துச் சுழற்றி, கொதிக்கவைத்து ஆறிய நீர்த்த மால்ட் சாற்றில் சேர்த்து, சிறிய அளவிலிருந்து படிப்படியாகப் பெருக்க வேண்டும். சில ஆலைகள் பாட்டிலில் அடைக்கும்போது வேறு ஈஸ்டைச் சேர்ப்பதால், முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆய்வுக்கூடங்களுக்கு நார்விச்சிலுள்ள தேசிய ஈஸ்ட் சேகரிப்பும், நம் நாட்டில் புனே, சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்புகளும் இருக்கின்றன.

வெப்பத்தை இத்தனை நேரம் தள்ளிவைத்தேன். ஆங்கில ஏல் ஈஸ்டுக்குப் பிடித்த 18 முதல் 20 டிகிரி, சென்னையில் மார்கழி விடியலில்கூட அரிது. 30ஐத் தொட்டால் காரநெடி தரும் கனமான ஆல்கஹால்கள் பெருகிவிடும். வெப்ப நாடுகளில் காய்ச்சுவோர் இதனால் நார்வே நாட்டுப் பண்ணைகளின் க்வெய்க் ஈஸ்டை நாடுகிறார்கள். அதில் வோஸ் என்ற வகை 35 டிகிரியைத் தாண்டியும் சுத்தமாக நொதிக்கிறது, கிராம்பு மணம் தருவதில்லை, நன்றாகவும் படிகிறது. ஆனால் அது விட்டுச்செல்லும் ஆரஞ்சு மணத்தை எந்தச் சூட்டில் ஊறவைத்தாலும் மறைக்க முடியாது.