"எங்களுக்கு யாரும் சொல்லலையே, ஐயா"

ஆராதனை முடிந்து வாசலில் நின்று வாழ்த்துச் சொல்லும் போதகர்களின் காதில் அடிக்கடி விழுகிற வார்த்தை இது. பெரும்பாலும் சொல்லித்தான் இருப்பார்கள். ஞாயிறன்று அறிவிப்பில் வாசித்திருப்பார்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார்கள், பலகையிலும் ஒட்டியிருப்பார்கள். அப்படியும் அந்த வீட்டுக்கு விஷயம் தெரியாது. பிறகு செயலர் குழுவைத் திறந்து, "இதோ போட்டிருக்கிறோமே" என்று காட்டுவார். அந்தக் குடும்பம் வாயை மூடிக்கொள்ளும். அடுத்த மாதம் ஆலயத்துக்கு வருவதையும் குறைத்துக்கொள்ளும்.

அறிவித்துவிட்டோம் என்பது நம் பக்கத்துக் கணக்கு. தெரிந்ததா என்பது சபையார் பக்கத்துக் கணக்கு. ஆதித் திருச்சபையில் எழுந்த முறுமுறுப்பும் இந்த இடைவெளியில் பிறந்ததுதான். அன்றாட விசாரிப்பில் சில விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அவர்களை விட்டுவிட வேண்டும் என்று யாரும் நினைத்ததாக வேதாகமம் சொல்லவில்லை. அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்று ஒருவரையும் குறிக்கவில்லை. எனவே வாராந்தரச் செய்தியைத் திட்டமிடும்போது, யாரிடம் போய்ச் சேராது என்ற கேள்வியில் இருந்து தொடங்க வேண்டும்.

கடலூரில் 120 குடும்பங்கள் உள்ள ஒரு சபையை எடுத்துக்கொள்வோம். மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருப்பார்கள். போட்ட ஐந்து நிமிடத்தில் படித்துவிடுவார்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் இரவு ஷிப்ட் முடித்து ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். அரசு தலைமை மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியர்களுக்கு ஞாயிறும் பணிநாள்தான். முதுநகரில் தனியாக இருக்கும் பாட்டிக்கு பட்டன் போன்தான். பேரன் வந்தால்தான் மெசேஜ் படிக்க முடியும். இத்தனை பேருக்கும் ஒரே வழியில் சொல்லிவிட்டு, தெரியவில்லையே என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை.

ஆகவே குடும்பப் பதிவேட்டில் கூடுதலாக இரண்டு பத்தி போடுங்கள். ஒன்று, "எப்படிச் சொன்னால் தெரியும்": வாட்ஸ்அப், போன், நேரில், மூன்றில் ஒன்று. மற்றது, "எப்போது சொல்லலாம்": ஷிப்ட், கண் பார்வை, காது, வீட்டில் படித்துச் சொல்ல ஆள் உண்டா என்ற விவரம். பிறகு 10 அல்லது 12 குடும்பத்துக்கு ஒருவர் என்று பகுதிப் பொறுப்பாளரையும், அவர் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்ள ஒரு துணையாளரையும் வையுங்கள். சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழு உறுப்பினர்களையே பொறுப்பாளர்களாகப் போடுவது வழக்கம். அது பல இடங்களில் சரிப்படுவதில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே கணக்கும் கட்டட வேலையும் இருக்கும். தெருவில் எல்லார் வீட்டுக்கும் போய்வருகிற ஒரு அக்கா இதற்கு மேல்.

வாரத்தின் ஓட்டம்

செய்தி கொடுக்கப் புதன் இரவு 8 மணி கடைசி நேரம். இதில் போதகரும் சலுகை எடுக்கக் கூடாது. சனிக்கிழமை மாலை ஒருவர் வந்து, "இதையும் சேர்த்துக்கோங்க ஐயா" என்று ஒருமுறை நுழைந்துவிட்டால் அதற்குப் பிறகு கடைசி நேரம் என்று ஒன்று இருக்காது. அடக்க ஆராதனை, அவசர ரத்த தேவை, புயல் எச்சரிக்கை, இவை மட்டும் விலக்கு.

வியாழன் எழுதுங்கள். வெள்ளியன்று எழுதாத இன்னொருவர் படிக்கட்டும். அவர் பார்க்க வேண்டியது தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, நேரம் இருக்கிறதா, இடம் இருக்கிறதா, பெயர்களில் எழுத்துப் பிழை உண்டா என்பவை. கல்யாண ஓலைக்கு, அதாவது ஆராதனையில் வாசிக்கும் திருமண அறிவிப்புக்கு, தனிக் கவனம் தேவை. பெயர், தகப்பனார் பெயர், சபை ஆகியவற்றை வீட்டார் கொடுத்த படிவத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து எழுதக் கூடாது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய ஓலையில் ஒரு ஞாயிறு விடுபட்டால், மண்டபம் பேசிவிட்ட வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சனி மாலை 6:30க்கு அனுப்புங்கள். மதியமே அனுப்பினால் மற்ற மெசேஜ்களுக்கு அடியில் போய்விடும். இரவு 9 மணி தாண்டினால் பெரியவர்கள் படுத்திருப்பார்கள். தாளில் அச்சிடும் பிரதி ஏ4 ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும்; எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஆளுக்கு ஒன்று தேவையில்லை, குடும்பத்துக்கு ஒன்று போதும். ஆராதனைக்கு வராத வீடுகளுக்கான பிரதிகளைப் பகுதிப் பொறுப்பாளர் அன்று மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலை நின்றுபோனால் தாள் அச்சிடுவதே வீண்செலவு.

ஞாயிறு அறிவிப்புக்கு மூன்று நிமிடம். அதில் மூன்று செய்திக்கு மேல் யார் மனதிலும் நிற்காது. சங்கத் தலைவர்கள் ஒவ்வொருவராக மைக்கிடம் வருவதை அன்போடு நிறுத்திவிட்டு, ஒரே குரல் வாசிக்கட்டும். மற்றவை தாளில் இருக்கின்றன என்று சொன்னால் போதும்.

ஒரு மெசேஜைப் பிரித்துப் பார்ப்போம்

சனிக்கிழமை அனுப்பப்படும் வழக்கமான மெசேஜ் இப்படித்தான் இருக்கும்: "அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு மாலை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் வழக்கமான இடத்தில் நடைபெறும். அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்."

சனியன்று "வரும் ஞாயிறு" என்றால் நாளையா, எட்டாம் நாளா? பாதிப் பேர் நாளை வந்து பூட்டிய கூடத்தைப் பார்த்துத் திரும்புவார்கள். மாலை என்பது சிலருக்கு நாலு மணி, சிலருக்கு ஆறரை. வழக்கமான இடம் எது என்று போன மாதம் மாற்றலாகி வந்த குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? அவர்கள் அதைக் கேட்கவும் கூச்சப்படுவார்கள். மூன்று வாரம் கழித்து யாராவது இதைத் தெரியாமல் பார்வர்டு செய்தால், அப்போதும் இது புதுச் செய்தி போலவே இருக்கும்.

அதையே இப்படி எழுதலாம்: "பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். மார்ச் 15, ஞாயிறு, மாலை 4:30 முதல் 5:30 வரை. ஆலயத்துக்குப் பின்னால் உள்ள கூடம். வேதாகமம் மட்டும் கொண்டுவாருங்கள். அழைத்துவர வண்டி வேண்டுமானால் சனி மதியம் 2 மணிக்குள் உங்கள் பகுதிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்." இன்று, நாளை, வரும், வழக்கமான, இந்த நான்கு சொற்களை அறிவிப்பில் இருந்து எடுத்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

நேரமோ இடமோ மாறினால் பழைய மெசேஜை நீக்கிவிட்டு, "மாற்றம்" என்ற சொல்லை முதலில் வைத்துப் புதிதாக அனுப்புங்கள். போன் பட்டியலில் உள்ளவர்களுக்கு அன்றே அழைப்பு போக வேண்டும். வண்ண போஸ்டர் அழகுதான். ஆனால் அதில் உள்ள தேதியைப் பிறகு தேடி எடுக்க முடியாது. கண் மங்கியவர்கள் பெரிதாக்கிப் பார்த்துச் சலித்துப்போவார்கள். போஸ்டர் போட்டால் அதன் கீழே அதே விவரத்தை எழுத்திலும் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் தவறும் இடங்கள்

அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே எழுதும்படி அமைப்பை மாற்றிவையுங்கள். காலை வணக்கமும் வசனப் படமும் தினம் ஐம்பது வந்தால், மக்கள் குழுவை மியூட் செய்வார்கள். மியூட் செய்த குழுவில் சாவுச் செய்தி வந்தாலும் தெரியாது. வாழ்த்தும் பாட்டும் பகிர்ந்துகொள்ள வேறு குழு இருக்கட்டும்.

சாதாரணக் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். வாலிபப் பெண்களுக்கு அறியாத எண்ணில் இருந்து மெசேஜ் வரத் தொடங்குவது இந்த வழியாகவும் நடக்கிறது. கம்யூனிட்டி அமைப்பில் உள்ள அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பெரிய சபைக்கு அதுவே நல்லது. ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் பயன்படுத்தினால் ஒரு லிஸ்டில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதோடு, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போகும். "அனுப்பினோம், வரவில்லை" என்ற வழக்குகளில் பல இதனால்தான். ஆண்டுக்கு இரண்டு முறை "வந்திருந்தால் 1 என்று பதில் அனுப்புங்கள்" என்று கேட்டு, பதில் வராத பெயர்களைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

எண் சபையுடையதாக இருக்கட்டும். போதகரின் சொந்த எண்ணில் எல்லாம் நடந்தால், அவருக்கு மாறுதல் வரும் அன்று பட்டியல், குழு, பழைய செய்திகள் எல்லாம் அவரோடு அடுத்த ஊருக்குப் போய்விடும். சபைக்கென்று ஒரு சிம், மூன்று அட்மின்கள், இருபடிச் சரிபார்ப்பு பின் எண் ஒரு உறையில் செயலரிடம். புதிதாக வரும் போதகர் முதல் வாரமே வேலையைத் தொடங்கலாம்.

ஜெப விண்ணப்பத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் போடாதீர்கள். அவருடைய மைத்துனர் சொன்னார் என்பது அனுமதி ஆகாது. பெயரும் "சுகத்துக்காக" என்ற ஒரு சொல்லும் போதும். நோயின் பெயர், ஜிப்மரில் எந்த வார்டு, குளுக்கோஸ் ஏறும் கையோடு எடுத்த படம், இவை எதுவும் வேண்டாம். கர்ப்பம் கலைந்தது, மனநல மாத்திரை, வேலை போனது என்று குழுவில் வந்த வரி, இரண்டு நாளில் பெண் பார்க்க வந்த வீட்டாரின் போனில் இருக்கும். அதன் பிறகு அந்தக் குடும்பம் எந்தப் பாரத்தையும் போதகரிடம் சொல்லாது. வார்டும் உடன் இருப்பவரின் எண்ணும் போதகருக்கும் சந்திக்கப் போகும் இருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொரு ஆபத்து பணம். போதகரின் முகப்புப் படத்தைப் போட்டுக்கொண்டு புது எண்ணில் இருந்து, "ஜெபக்கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, ஒரு ஏழைக் குடும்பத்துக்கு 5,000 அனுப்புங்கள்" என்று மெசேஜ் வரும். ஐயா கேட்டாரே என்று நல்ல மனதோடு அனுப்பி ஏமாறுகிறார்கள். "தனி மெசேஜில் சபை ஒருபோதும் பணம் கேட்காது" என்ற வரி மாதம் ஒருமுறை தாளில் வரட்டும். காணிக்கைக்காக ஒட்டிய க்யூஆர் கோடைப் பொருளாளர் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கேன் செய்து, திரையில் சபைக் கணக்கின் பெயர்தான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டுவது ஒரு நிமிட வேலை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காத்திருக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

திங்கள்கிழமை விசாரிப்பு

செய்தி நம்மிடமிருந்து போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். ஞாயிறு இரவுக்குள் பொறுப்பாளர்கள் வராதவர்கள் பெயரைக் கொடுக்கட்டும். ஒரு ஞாயிறு வராவிட்டால் விட்டுவிடலாம். இரண்டாவது ஞாயிறும் இல்லையென்றால் பொறுப்பாளர் போன் செய்வார். மூன்றாவதும் இல்லையென்றால் போதகர் வீட்டுக்குப் போவார். "ஏன் கோயிலுக்கு வரல?" என்று தொடங்கினால் அதோடு கதவு சாத்திக்கொள்ளும். "நல்லா இருக்கீங்களா? உங்களைப் பார்த்து ரெண்டு வாரம் ஆச்சு" என்றால் மீதியை அவர்களே சொல்வார்கள். ஷிப்ட் மாறியிருக்கும், மூட்டு வலி வந்திருக்கும், அல்லது போன அறிவிப்பில் வாசித்த நன்கொடைப் பட்டியலில் தங்கள் பெயர் விட்டுப்போயிருக்கும்.

மழைக்காலம்

நம் ஊரில் இதைத் தனியாகத் திட்டமிட்டே ஆக வேண்டும். 2004இல் சுனாமி வந்தது ஞாயிறு காலை. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கரையைக் கடந்தது. மறுநாள் இரவு புத்தாண்டு ஆராதனை, கடலூரிலோ மின்சாரம் இல்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. விடிந்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளில் புகுந்தது. இப்படிப்பட்ட நாட்களில் டவர் இருக்காது, சார்ஜும் இருக்காது. போனுக்குள் மட்டும் இருக்கும் பட்டியலால் பயன் இல்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் குடும்பப் பட்டியலைப் புதுப்பித்து அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் கொடுங்கள். அதில் வீட்டு அடையாளம், தனியாக இருக்கும் முதியோர், படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், மாடி வீடு உள்ளவர், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 ஆகியவை இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்த அன்று மாலையே, டவர் இருக்கும்போதே, ஞாயிறு ஆராதனை உண்டா இல்லையா என்று முடிவெடுத்துச் சொல்லிவிடுங்கள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால், இடுப்பளவுத் தண்ணீரில் வேதாகமத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து நிற்பார்.

போன் செத்துவிட்டால் மணி இருக்கிறது. காலை 7 மணிக்கு மணி அடித்தால் ஆராதனை உண்டு, அடிக்காவிட்டால் வீட்டிலேயே ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று அக்டோபரிலேயே தாளில் அச்சிட்டுச் சொல்லிவைக்கலாம். காற்று எதிர்த் திசையில் அடித்தால் நாலு தெருவுக்கு அப்பால் மணிச் சத்தம் கேட்காது. அந்தத் தெருக்களுக்கு யார் சைக்கிளில் போவார்கள் என்று அதே தாளில் இரண்டு பெயரை எழுதிவையுங்கள்.